கூரை உள்ள ட்ராட் ரூட்: கடலூரில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?

கெடிலக்கரை:

வணக்கம். மஞ்சக்குப்பம்தான் ஊர். வேலை இங்கிலாந்தில், ஸ்டாஃபர்ட்ஷயர் பக்கம். பொங்கலுக்கு வந்தவன், அப்பாவின் கண் அறுவை சிகிச்சை முடியும் வரை, அதாவது சித்திரை பாதி வரை, இங்கேதான் இருப்பேன்.

திரும்பிப் போனதும் லீட் செய்ய, அதாவது கயிற்றைக் கூடவே கொண்டுபோய் முதல் ஆளாக ஏற, நினைத்திருப்பது அங்கே ரோச்சஸ் பாறையில் உள்ள ‘தி ஸ்லோத்’ என்ற ரூட், அதாவது ஏறும் வழி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுமார் 24 மீட்டர், ஒரே பிட்ச், அதாவது ஒரே கயிற்று நீளத்தில் ஏறி முடிப்பது. முதலில் ஒரு பிளவு வழியாக ஏறினால் நிற்க வசதியான ஒரு மேடை. அதற்கு மேல் சரிவான பாறைமுகம். அது முடிகிற இடத்தில் ‘சீஸ்பிளாக்’ என்று எல்லோரும் சொல்லும் ஒரு பெரிய கல். அதற்கு மேலே தலையை இடிக்கிற மாதிரி கூரை, ஏறக்குறைய 3 மீட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கூரையின் அடியில் பெரிய பெரிய பாறைச் செதில்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டே வெளியே போய், விளிம்பைத் தாண்டி, மேலே இருக்கும் அகலமான பிளவில் நுழைந்து முடிக்க வேண்டும். பாறையில் துளையிட்டு நிரந்தரமாக அடித்த போல்ட் ஒன்றுகூட கிடையாது, அதைத்தான் ட்ராட் என்கிறோம். விழுந்தால் தாங்குவது பிளவில் நாமே வைத்த நட்டும் (ஆப்பு போலச் சிக்கும் உலோகத் துண்டு) கேமும் (பிளவுக்குள் விரிந்து பிடிக்கும் கருவி) மட்டும்தான். கிரேடு, அதாவது எவ்வளவு கடினம் என்ற அளவு, பிரிட்டிஷ் கணக்கில் எச்.வி.எஸ். 5ஏ. அமெரிக்கக் கணக்கில் 5.8க்கும் 5.9க்கும் நடுவில் வைக்கலாம்.

நேரான பாறையில் இந்தக் கிரேடை லீட் செய்திருக்கிறேன். கூரையை லீட் செய்ததில்லை. கடலூரில் பாறையும் இல்லை, ஏறும் சுவரும் இல்லை. இருக்கிற மாதங்களை எப்படிப் பயன்படுத்துவது? முதலில் வேறு யாராவது லீட் செய்ய, நான் இரண்டாவதாக ஏறிப் பார்ப்பது நல்லதா? கேம், நட் எல்லாம் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.


கோரிமேட்டுக்காரன்:

தம்பி, நேராகச் சொல்கிறேன். கூரையை லீட் செய்து பழக்கமில்லை என்றால் முதலில் மேலிருந்து கயிறு போட்டு ஏறிப் பாருங்கள். மூன்று முறை சுத்தமாக ஏறிவிட்டால் அப்புறம் லீட். பெங்களூரில் இருந்த காலத்தில் அங்கே எல்லோரும் அப்படித்தான் பழகினோம். இதில் கௌரவம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்கிறீர்கள், அதையும் நினைத்துப் பாருங்கள்.


துறைமுகம் ஓ.டி.:

எனக்கு இந்த விளையாட்டு தெரியாது. ஆனால் கயிறு வேண்டுமென்றால் சொல்லுங்கள். நம்ம துறைமுகத்தில் படகுக்கு வாங்குகிற நைலான் கயிறு இருக்கிறதே, ஒரு லாரியையே இழுக்கும். மாமரத்தில் கட்டிப் பழகலாம்.


நெய்வேலி அக்கா:

நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவள், இப்போது ஷெஃபீல்டில் செவிலியர். ஸ்லோத்தை இரண்டாவது ஆளாகவும் ஏறியிருக்கிறேன், லீடும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் துறைமுகம் அண்ணனுக்கு. நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் அந்தக் கயிறு வேண்டாம் அண்ணா. லாரியை இழுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. விழுகிற ஆளைத் தாங்கும்போது படகுக் கயிறு எவ்வளவு நீளும் என்று யாரும் சோதித்து வைக்கவில்லை என்பதுதான் இங்கே ஆபத்து. லீட் செய்பவர் விழும்போது அந்த வேகத்தைக் கயிறு நீண்டு உள்வாங்க வேண்டும். நீளவில்லை என்றால் மொத்த அடியும் இடுப்புக்கும் பாறையில் இருக்கிற நட்டுக்கும் போகும். ஏறும் கயிற்றைச் சோதிக்கும் ஐரோப்பியத் தரம் இ.என். 892. அதில் ஒற்றைக் கயிறு என்றால் 80 கிலோ எடையைக் கடுமையான விழுகையில் விட்டு, முதல் விழுகையில் 12 கிலோநியூட்டனுக்கு மேல் விசை வரக்கூடாது என்று பார்ப்பார்கள். படகுக் கயிறு அந்த வேலைக்குச் செய்ததே இல்லை. மாமரத்தில் ஊஞ்சல் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கோரிமேட்டு அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். நேரான பாறைக்கு நீங்கள் சொல்வது சரி. கூரைக்கு அது அப்படியே பொருந்தாது. மேலிருந்து வரும் கயிறு கூரையின் விளிம்பில் மடங்கித்தான் கீழே வரும். ஏறுபவர் கூரைக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும்போது கை நழுவினால் நேராகக் கீழே போகமாட்டார். வெளியே வீசி எறியப்பட்டு, விளிம்புக்கு நேர் கீழே அந்தரத்தில் தொங்குவார். பாறை கைக்கு எட்டாது. திரும்ப ஆடிப் பிடிக்கவும் முடியாது. ஒன்று கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் அவரே கயிற்றில் ஏற வேண்டும். அந்த ஊசலில் பக்கத்தில் பாறை இருந்தால் மோதவும் வாய்ப்பு உண்டு. கயிறு விளிம்பில் உரசித் தேய்வது இன்னொரு கவலை.

லீடில் நிலைமை வேறு. கூரைக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில், தன் கையால் வைத்த கேம் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே நழுவினால் விழுகை சின்னது, பெரும்பாலும் காற்றில்தான். அதனால் மேலிருந்து கயிறு என்றாலே பாதுகாப்பு, லீட் என்றாலே ஆபத்து என்ற கணக்கு கூரையில் குழம்பிப்போகிறது.

என் கருத்து இதுதான்: கூரை ரூட்டில் கூரை பாதி வேலைதான். அதற்கு முன்னால் நிற்கிற இடத்தில் என்ன செய்கிறோம், விளிம்பைத் தாண்டிய அடுத்த நொடியில் என்ன செய்கிறோம், இந்த இரண்டும்தான் ஏறுவதையும் விழுவதையும் தீர்மானிக்கின்றன. நடுவில் உள்ள 3 மீட்டரில் பிடிகள் பெரியவை. ஸ்லோத்தில் நழுவுகிறவர்களில் நான் பார்த்த பலர், பிடி இல்லாமல் நழுவவில்லை. அடியிலேயே தயங்கித் தயங்கி நின்று, மூன்று தடவை வெளியே கையை நீட்டித் திரும்ப வந்து, கடைசியில் உண்மையாகக் கிளம்பும்போது முன்கையில் பலம் இல்லாமல் போனவர்கள்.


கெடிலக்கரை:

அக்கா, இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. அடியில் நிற்கும்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்ல முடியுமா? என்னிடம் இருப்பது 8.5 மி.மீ. அரைக்கயிறு (ஜோடியாகக் கட்டிக்கொண்டு மாற்றி மாற்றி மாட்டும் மெல்லிய கயிறு) இரண்டு.


நெய்வேலி அக்கா:

அரைக்கயிறு இரண்டு என்றால் நல்லது. ஒன்றைக் கூரைக்குக் கீழே உள்ள நட்டுகளுக்கும், மற்றதைக் கூரையில் வைக்கும் கேமுக்கும் அதற்கு மேலே வைப்பதற்கும் ஒதுக்கிவிடு. கூரையில் முதல் எதிரி கயிறு இழுபடுவது. நேராக மேலே வந்த கயிறு கூரைக்கு அடியில் ஒருமுறை மடங்கும், விளிம்பில் இன்னொரு முறை மடங்கும். விளிம்பைத் தாண்டி மேலே பிளவில் நிற்கும்போது யாரோ கீழே பிடித்து இழுப்பது போல இருக்கும். கடைசி சில மீட்டரில் கயிற்றை மேலே இழுக்கவே முடியாமல் போனவர்கள் உண்டு. ஆகவே கூரைக்கு அடியில் வைக்கும் எதையும் நீட்டித்தான் மாட்ட வேண்டும். 60 செ.மீ. ஸ்லிங் (நாடா வளையம்) குறைந்தபட்சம். உள்ளே ஆழத்தில் வைத்தால் 120.

நீட்டும்போது விழுகை கொஞ்சம் கூடும். கூடினால் கூடட்டும், கீழே காற்று இருக்கிறது. ஆனால் கீழே உள்ள மேடையில் கால் தட்டுமா என்பதை மட்டும் ஏறுவதற்கு முன் கண்ணால் அளந்துகொள்.

சீஸ்பிளாக் என்கிற அந்தக் கல்லை ஸ்லிங்கால் சுற்றுபவர்கள் உண்டு. சுற்றலாம். ஆனால் அது தனியாக உட்கார்ந்திருக்கும் கல், அதை மட்டும் நம்பி வெளியே போகாதே. பக்கத்தில் வேறு ஒன்றும் இருக்கட்டும்.

அப்புறம் செதில். இதை நிதானமாகப் படி. கேம் என்பது வெளியே இழுக்கும் விசையைப் பக்கவாட்டு அழுத்தமாக மாற்றும் கருவி. அதன் கோணம் ஏறக்குறைய 13.75 டிகிரி. அந்தக் கோணத்தில் கணக்குப் போட்டால், இழுக்கும் விசையைப் போல இரண்டு மடங்கு ஒவ்வொரு பக்கச் சுவரிலும் அழுத்தும். 5 கிலோநியூட்டன் விழுகை என்றால் செதிலை 10 கிலோநியூட்டன் வெளியே தள்ளும், அதாவது ஏறக்குறைய ஒரு டன். கூரையில் இருப்பது அடியில் பிளந்து நிற்கும் செதில். எத்தனையோ பேர் ஏறியும் அது நிற்கிறது, அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. இருந்தாலும் கையால் தட்டிப் பார். டொக் டொக் என்று உள்ளீடற்ற சத்தம் வரும் மெல்லிய ஓரத்தில் கேம் வைக்காதே. தடிமனான, ஆழமான பகுதியில் வை.

இதையெல்லாம் முடித்த பிறகு திரும்பக் கீழே இறங்கி, மேடையில் இரண்டு கையையும் தொங்கவிட்டு உதறு. மூச்சு சாதாரணமாகும் வரை நில். அவசரமே இல்லை, அங்கே நின்றுகொண்டே இருக்கலாம். கிளம்பினால் மட்டும் திரும்பிப் பார்க்காதே.


பனையேறி மகன்:

பண்ருட்டி பக்கம். என் அப்பா பனை ஏறியவர். பாறை ஏறுவது பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் அக்கா சொன்ன கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

அப்பா ஏறும்போது கீழே நின்று பார்ப்பவர்கள் எல்லோரும் அவர் கையைத்தான் பார்ப்பார்கள். அவர் சொல்வது, ‘கை மரத்தைத் தழுவிக்கொள்ள, கால் ஏறுவதற்கு’. காலில் தளை போட்டு இரண்டு பாதத்தாலும் மரத்தை அழுத்தி நிமிருவார். கை அப்போது சும்மா சேர்த்துப் பிடித்திருக்கும். மேலே பாளை சீவும்போது முழங்கையை மடக்கித் தொங்கவே மாட்டார். கையை நீட்டி, எலும்பில் எடையைப் போடுவார். ஒரு நாளைக்கு எத்தனை மரம், காலையும் மாலையும். கைப் பலத்தில் ஏறினால் நாலாவது மரத்திலேயே முடிந்துவிடும் என்பார்.

தலைகீழாக ஒட்டிக்கொண்டு போகும் இடத்தில் கால் எப்படி உதவும் என்று தெரிந்துகொள்ள ஆசை.


நெய்வேலி அக்கா:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொன்னதில்லை. கூரையிலும் அதேதான். கை நீட்டியபடி இருக்க வேண்டும், மடங்கக்கூடாது. கால் தள்ளுவதோடு இன்னொரு வேலையும் செய்யும். குதிகாலையோ பெருவிரல் பக்கத்தையோ செதிலின் ஓரத்தில் மாட்டி, உடம்பைக் கூரையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். கால் விட்டால் முழு உடம்பும் ஊஞ்சலாடும், அந்த ஆட்டத்தைத் தாங்க இரண்டு கைக்கும் இரண்டு மடங்கு வேலை. அதனால் கால் நழுவாமல் இருக்க வயிறும் முதுகும் இறுகி இருக்க வேண்டும்.


லாஸ்பேட்டை பிசியோ:

பயிற்சி பற்றி நான் சொல்கிறேன். பிசியோதெரபி என் தொழில், ஏறுவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் உடம்பு சம்பந்தமாக மட்டும்.

முன்கை இறுகிக் கல்லாகிவிடும் என்கிறீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. தசையை விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளே உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கும். ரத்தம் போகாது, கழிவும் வெளியேறாது. பிடியைத் தளர்த்திக் கையை உதறும்போதுதான் ரத்தம் திரும்புகிறது. ஆகவே ‘இன்னும் இறுக்கமாகப் பிடி’ என்பது தவறான பழக்கம். விழாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் பிடிக்கப் பழக வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். கம்பியில் தொங்கி, மெதுவாகப் பிடியைத் தளர்த்திக்கொண்டே வந்து, நழுவுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அந்த அளவை விரல் நினைவில் வைத்துக்கொள்ளும்.

தினமும் தொங்க வேண்டாம். தசை சீக்கிரம் பலமாகும், தசைநாண் மெதுவாகத்தான் பலமாகும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தோள்பட்டையைக் காதுவரை உயர்த்தித் தொங்காமல், தோளைக் கீழே இழுத்து வைத்துத் தொங்குங்கள். தண்டாலும் சேர்த்துச் செய்யுங்கள். இழுக்கும் தசை மட்டும் வளர்ந்தால் தோள் முன்னால் விழுந்து வலி வரும். மாசி, பங்குனி வெயிலில் கடலூர்ப் புழுக்கத்தில் செய்வதென்றால் விடியற்காலை மட்டும்.


செஞ்சி வழி:

பாறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்று வட்டாரத்தைப் பற்றி ஒரு குறிப்பு.

கேப்பர் மலையை யாராவது சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அது கடலூர் மணற்கல். சிவந்த, இரும்புச்சத்துள்ள, சரியாக இறுகாத கல். திருவக்கரைக் கல்மரங்கள் கிடைப்பதும் இதே அடுக்கில்தான். கல்லாக மாறிய அந்த மரம் உறுதியானது, அதைச் சுற்றியுள்ள மணற்கல் நகத்தால் கீறினால் உதிரும். கேம் வைத்து இழுத்தால் சுவரே கையோடு வரும். ரோச்சஸில் இருப்பதும் மணற்கல் வகைதான் என்றாலும் அது 30 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்து கெட்டிப்பட்ட சொரசொரப்பான கிரிட்ஸ்டோன். இரண்டுக்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

உண்மையான பாறை வேண்டுமென்றால் புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் செஞ்சி. பார்த்தாலே கை அரிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2025ல் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ பட்டியலிலும் செஞ்சி சேர்ந்திருக்கிறது. அங்கே கயிறு கட்டுவதோ பாறையில் ஏதும் செருகுவதோ கூடவே கூடாது. சுற்றியுள்ள குன்றுகளில் சில வனத்துறை, சில கோயில், சில பட்டா நிலம். ஊர்க்காரர்களிடம் கேட்டு, அனுமதி வாங்கி, தரையோடு இருக்கும் உருண்டைப் பாறைகளில் கால் வைத்துப் பழகுங்கள். கூரை கிடைக்காது, ஆனால் காலை நம்பும் பழக்கம் வரும்.


முத்தியால்பேட்டை:

நான் பாரிஸில் இருக்கிறேன். ஃபோந்தென்ப்ளோ காட்டில் சனி ஞாயிறு ஏறுவேன். அங்கேயும் மணற்கல், உயரம் குறைந்த பாறைகள், கீழே மெத்தை போட்டு ஏறுவோம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: விளிம்பைத் தாண்டும்போது கண் மேலே உள்ள பிடியையே தேடும், கால் கூரைக்கு அடியில் மறந்துபோகும். விளிம்புக்கு மேலே இரண்டு கையும் வந்தவுடன் ஒரு குதிகாலைத் தூக்கி விளிம்பில் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு உடம்பை மேலே கொண்டுவருவது தொடையின் வேலை. வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில்கூட, கீழே யாராவது பிடித்துக்கொள்ள, தரையோடு ஒட்டிய உயரத்தில் இதைப் பழகலாம்.


கெடிலக்கரை:

ஒரு யோசனை. மாடிப்படிக்கு அடியில் ஒரு செயற்கைக் கூரை கட்டலாமா? பழைய வீடு இடித்த உத்தரக் கட்டைகள் புதுச்சேரியில் கிடைக்கின்றன. இரண்டு கட்டையைக் கை நுழையும் இடைவெளியில் வைத்தால் பிளவு தயார். கேம் வைத்துப் பழக ராக் பீச் கருங்கற்களைப் பயன்படுத்தலாம் என்றும் தோன்றுகிறது.


நெய்வேலி அக்கா:

கட்டை யோசனை அருமை, உடனே செய். ஆனால் ஸ்லோத் கூரையில் கையைப் பிளவில் திணிக்கும் வேலை குறைவு, செதில் ஓரத்தைப் பிடிப்பதுதான் அதிகம். ஆகவே ஒரு கட்டையின் ஓரத்தை விரல் முழுவதும் உட்காரும்படி இழைத்துக்கொள். பிளவு இடைவெளி விளிம்புக்கு மேலே வருகிற பகுதிக்கு உதவும், அங்கே கையைத் திணித்துக் கட்டை விரலை உள்ளே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். கட்டையில் வண்ணத்தோடு மணல் கலந்து பூசு, இல்லாவிட்டால் வியர்வையில் வழுக்கும். கூரையில் ஆணி அடித்துத் தொங்கவிடாதே. இரண்டு பக்கச் சுவரிலும் துளை எடுத்துக் கட்டையை உள்ளே ஏற்று. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் செய். கீழே இலவம்பஞ்சு மெத்தை இரண்டு.

ராக் பீச் கற்கள் வேண்டவே வேண்டாம். பாசி வழுக்கும், அலை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதைவிட, உப்புத் தண்ணீர் கேமைக் கொன்றுவிடும். நட்டும் கேமும் செய்யப் பயன்படும் அலுமினியக் கலவை உப்பில் குழி குழியாக அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்தாற்போலத் தெரியும். கடலூரில் கடலுக்குப் போகாவிட்டாலும் காற்றே போதும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, கேமின் அச்சில் மெழுகு வகை உலர் எண்ணெய் ஒரு துளி விட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வை.

ஸ்லிங்கையும் கயிறுகளையும் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் மூலையில் வைத்திருக்கிறாயா? இருந்தால் இன்றே எடு. அந்த அமிலம் பட்டால் நைலான் உள்ளுக்குள் செத்துவிடும், வெளியே கறைகூடத் தெரியாமல் போகலாம். நம் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில்தான் பேட்டரியும் இருக்கும், சாமான் மூட்டையும் இருக்கும். அதனால்தான் கேட்கிறேன்.


செஞ்சி வழி:

கேம் வைத்துப் பழக ஒரு வழி. வயல் வேலிக்கு நடும் கருங்கல் தூண் எல்லா ஊரிலும் கிடைக்கும். இரண்டு தூண்களை அருகருகே, மேலே கொஞ்சம் குறுகலாக வருமாறு ஆழமாக நட்டுவிட்டால் அளவுக்கு ஒன்றாகப் பிளவு கிடைக்கும். நட்டுக்குக் குறுகும் இடம், கேமுக்கு இணையான இடம், இரண்டும் வரும். முழங்கால் உயரத்தில் வைத்து, ஸ்லிங் மாட்டி, அதில் ஏறி நின்று குதித்துப் பாருங்கள். எது நிற்கிறது, எது நகர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.


கோரிமேட்டுக்காரன்:

அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், மேலிருந்து கயிறு என்பதை வற்புறுத்தவில்லை. ஆனால் இரண்டாவது ஆளாக முதலில் ஏறிப் பார்ப்பது? அதில் என்ன குறை? தம்பி அதையும் கேட்டிருந்தாரே.


நெய்வேலி அக்கா:

குறை இல்லை அண்ணா. ஒன்றை இழக்கிறோம், ஒன்று கிடைக்கிறது. பார்க்காமல் முதல் முறையிலேயே லீட் செய்வது ஒரு பாறையில் வாழ்க்கையில் ஒரே தடவைதான் கிடைக்கும். அது இவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு முக்கியமாக இருக்கவில்லை. நான் இரண்டாவதாக ஏறியபோதுதான் அந்தப் பிடிகள் எவ்வளவு பெரியவை என்று தெரிந்தது, லீட் செய்யும்போது அந்த அறிவு என்னைக் கிளம்ப வைத்தது.

ஆனால் இரண்டாவது ஆளுக்கு ஒரு சிக்கல் உண்டு, பலர் யோசிப்பதில்லை. கூரைக்கு அடியில் உள்ள கேமைக் கழற்றிய பிறகு இரண்டாவது ஆள் நழுவினால், மேலே சொன்ன அதே ஊசல்தான். ஆகவே கூரையில் கேமைக் கழற்றுவதற்கு முன் அடுத்த பிடியில் இரண்டு கையும் உறுதியாக இருக்க வேண்டும். ப்ருஸிக் வளையம் (தொங்கும் கயிற்றில் சுற்றி, அதைப் பிடித்து மேலே ஏற உதவும் மெல்லிய கயிற்று வளையம்) இரண்டு இடுப்பில் இல்லாமல் எந்தக் கூரைக்கும் இரண்டாவதாகப் போகக்கூடாது.

இன்னொன்று. ஸ்லோத்தை முதலில் ஏறியவர்கள் டான் வில்லன்ஸும் ஜோ பிரவுனும், 1954ல். ஒருவர் சால்ஃபோர்ட் பிளம்பர், மற்றவரும் மான்செஸ்டர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. அடுத்த ஆண்டே ஜோ பிரவுன் கஞ்சன்ஜங்காவின் உச்சிக்கருகே நின்றார், வில்லன்ஸ் 1970ல் அன்னபூர்ணாவின் தெற்கு முகத்தில் ஏறினார். அந்த 1954ல் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார்கள், ஹார்னெஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) கிடையாது. கேம் கடைக்கு வந்ததே 1978ல், ரே ஜார்டின் கண்டுபிடித்த ‘ஃப்ரெண்ட்ஸ்’. அவர்களிடம் இருந்தது ஸ்லிங், பிளவில் சிக்கிய கல்லைச் சுற்றிப் போட. கேமோடு போகிற நமக்கு அவர்கள் விட்டுவைத்தது சுத்தமான பாறை, போல்ட் துளை இல்லாத பாறை. அதனால்தான் அங்கே இன்றும் யாரும் துளையிட அனுமதிப்பதில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனசில்லை.


துறைமுகம் ஓ.டி.:

கயிற்றைப் பற்றி விளக்கியதற்கு நன்றிம்மா. இவ்வளவு நாளும் கயிறு என்றால் அறுந்துபோகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சந்தேகம். கீழே கயிறு பிடிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும்? படகில் நங்கூரக் கயிறு விடுகிற ஆள் தள்ளி நின்றால் தடுமாறுவான்.


நெய்வேலி அக்கா:

சரியான கேள்வி அண்ணா. பாறைக்கு ஒட்டித்தான் நிற்க வேண்டும். தள்ளி நின்றால், மேலே ஆள் விழும்போது கயிறு நிமிர்ந்து, கீழே வைத்த நட்டுகளை வெளிப்பக்கமாக இழுக்கும். கீழ்நோக்கி இழுக்கத்தான் அவற்றை வைத்தோம். ஒன்று பிடுங்கிக்கொண்டால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாகக் கழன்றுவிடும். ஆகவே முதல் நட்டு மட்டும் மேலேயும் தாங்குவதாக, எந்தப் பக்கம் இழுத்தாலும் நிற்பதாக இருக்க வேண்டும்.

கூரையில் இன்னொன்றும் உண்டு. பிடிப்பவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தால், விழுந்தவர் கூரைக்குக் கீழே உள்ள சுவரில் போய் மோதுவார். சற்றே தளர்வாக விட்டு, ஒரு அடி முன்னால் வந்து வாங்கினால் மெதுவாக நிற்பார். பிடிப்பவருக்கு ஹெல்மெட் கட்டாயம்.


கெடிலக்கரை:

முடிவு செய்துவிட்டேன். முதலில் இரண்டாவதாக ஏறுவேன், அடுத்த வாரமே லீட். பார்க்காமல் ஏறுவதை நான் வேறொரு பாறைக்கு வைத்துக்கொள்கிறேன். பேட்டரி விஷயம் படித்ததும் கீழே போய்ப் பார்த்தேன், கயிற்றுப் பை அங்கே இல்லை, பீரோ மேல்தான் இருக்கிறது. கட்டைக்கு இன்று தச்சரிடம் பேசியிருக்கிறேன்.

என் கூட ஏறப் போகும் நண்பர் ப்ருஸிக்கில் ஏறியதே இல்லை. அவர் என்னைவிட எடையும் குறைவு. மேலே நான் எங்கே உட்கார்ந்து அவரைப் பிடிக்க வேண்டும்?


நெய்வேலி அக்கா:

விளிம்பிலிருந்து பின்னால் போய் உட்காராதே. ஆங்கர், அதாவது உன்னைப் பாறையோடு கட்டிவைக்கும் இடம், பின்னால் இருந்தாலும், கயிற்றால் உன்னை நீட்டிக்கொண்டு, கீழே எட்டிப் பார்க்கும் இடத்துக்கு வந்து உட்கார். ரோச்சஸ் உச்சியில் காற்று அடித்தால் குரல் கீழே போகாது. கூரை குறுக்கே இருப்பதால் இன்னும் மோசம். ஏறுவதற்கு முன்பே கயிற்று இழுப்பு அடையாளங்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பெயரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், பக்கத்து ரூட்டிலும் ஆள் இருப்பார்கள்.

அவர் கூரையில் இருக்கும்போது கயிற்றை இறுக்கமாக வை, ஆனால் இழுக்காதே. இழுத்தால் அவரைப் பாறையிலிருந்து நீயே பிடுங்கிவிடுவாய். அவர் தொங்கிவிட்டால் கீழே இறக்கிவிடுவதுதான் எளிது. 24 மீட்டர் பாறை, கயிறு 50 மீட்டர் இருந்தால் தரை வரை வரும்.

ப்ருஸிக்கை ஊரில் இருக்கும்போதே நீ பழகு, போனதும் அவருக்குக் காட்டு. 6 மி.மீ. கயிறு, அரைக்கயிற்றில் சுற்றும்போது மூன்று சுற்றுக்குப் பதில் நான்கு சுற்று. மெல்லிய கயிற்றில் மூன்று சில நேரம் வழுக்கும். ஒன்றை ஹார்னெஸுக்கு, ஒன்றைக் காலுக்கு. கூடத்து ஊஞ்சல் கொக்கி வீட்டில் இருந்தால் அதில் உன் அரைக்கயிற்றைக் கட்டித் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு ஏறி இறங்கு. கிளம்புவதற்கு முன் பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சிலின் அணுகல் தகவல் பக்கத்தையும் பார்த்துவிடு. வசந்தத்தில் பறவை கூடு கட்டும் பகுதிகளை அங்கே சில வாரம் மூடி வைப்பார்கள்.


பனையேறி மகன்:

அக்கா, ப்ருஸிக் முடிச்சைப் படம் தேடிப் பார்த்து அப்பாவிடம் காட்டினேன். எடை விழுந்தால் இறுகும், எடை எடுத்தால் நகரும் என்று சொன்னதும், கையில் கயிற்றை வாங்கித் தானே சுற்றிப் பார்த்தார். நான்கு சுற்றுதான் போட்டார். கெடிலக்கரை தம்பி பண்ருட்டிப் பக்கம் வந்தால் சொல்லட்டும், எங்கள் தோப்பில் வாட்டமான வேப்பமரம் இருக்கிறது, கட்டிப் பழகலாம் என்கிறார்.


கெடிலக்கரை:

ஞாயிறு காலை வருகிறேன் அண்ணா. கயிறும் ஹார்னெஸும் எடுத்து வருகிறேன். ஐயா ஆறு மணிக்கே எழுந்துவிடுவாரா?